முள் கொட்டுவது கடைசி அறிகுறி: தொட்டியில் கடல் முள்ளெலிக்கு வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

கடல் முள்ளெலி, அதாவது உடல் முழுக்க முள்ளுள்ள அர்ச்சின் என்ற கடல் விலங்கை வளர்ப்பவர்களில் பாதிப்பேர் மணலில் முள் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டைத் தேடுகிறார்கள். அதற்குள் கோளாறு தொடங்கிச் சில நாளாவது ஆகியிருக்கும். முள்ளுக்கு முன்னால் சேதி சொல்பவை குழாய்க்கால்கள். முள்ளிடுக்கிலிருந்து நூல்போல நீண்டு, நுனியில் குட்டித் தட்டோடு கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருக்குமே, அவைதான். அவை வெளியே நீண்டு துழாவிக்கொண்டிருந்தால் நிதானமாகக் காரணம் தேடலாம். உள்ளே இழுத்துக்கொண்டால் அவசரம். கீழே உள்ள எந்த அறிகுறியைப் பார்த்தாலும் கால்களையும் சேர்த்தே பாருங்கள்.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் செய்ய வேண்டியது

பெரும்பாலான அர்ச்சின்கள் இரவில்தான் சுறுசுறுப்பு. விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து மங்கலான வெளிச்சத்தில் பாருங்கள். பகலில் பாறை இடுக்கில் சும்மா உட்கார்ந்திருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.

பிறகு அளவுகள். இந்த வரிசையிலேயே பாருங்கள்: உப்புச் செறிவு, வெப்பம், அம்மோனியா, நைட்ரைட், காரத்தன்மை, பிஹெச், நைட்ரேட், கால்சியம், மெக்னீசியம். உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி 1.026 அளவில், வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ், அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0, காரத்தன்மை 8 முதல் 11 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), பிஹெச் 8.1 முதல் 8.4, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம்.

உப்பை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மீனுக்கு உடம்பின் உப்பைச் சரிக்கட்டச் சிறுநீரகமும் செவுளும் இருக்கின்றன. அர்ச்சினுக்கு அந்த வசதி கிடையாது. உடலுக்குள் இருக்கும் திரவம் சுற்றியுள்ள கடல்நீரோடு சேர்ந்தே ஏறி இறங்கும். மீன் கண்டுகொள்ளாத மாற்றத்தில் அர்ச்சின் சுருண்டுவிடும். அதனால்தான் 'மீனெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

உப்பை அளக்கும் உங்கள் ரிஃப்ராக்டோமீட்டரையும் நம்பிவிடாதீர்கள். வெறும் ஆர்ஓ தண்ணீரில் 0 வைத்த கருவி 35இல் தவறாகக் காட்டலாம். 35 பிபிடி அளவீட்டுத் திரவத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அளவெடுங்கள்.

கீழே கிடக்கும் முள்: உதிர்ந்ததா, ஒடிந்ததா?

ஒரு முள்ளை ஸ்பூனில் எடுத்து லென்ஸ் வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அர்ச்சின் ஓட்டில் குமிழ் குமிழாகச் சிறு மேடுகள் இருக்கும். முள்ளின் அடியில் அந்தக் குமிழில் பொருந்தும் கிண்ணம் போன்ற குழி இருக்கும். நம் தோள்மூட்டைப் போன்ற அமைப்பு. கிண்ணம் முழுசாக இருந்தால் முள் மூட்டோடு கழன்று உதிர்ந்திருக்கிறது, அதாவது விலங்கே தளர்ந்திருக்கிறது. அடிப்பகுதி கரடுமுரடாக முறிந்திருந்தால் பாறையில் இடித்தோ, மீன் கடித்தோ, வலையில் சிக்கியோ ஒடிந்தது. ஒடிந்த முள் சில வாரங்களில் மீண்டும் வளரும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். இனி பேசுவதெல்லாம் உதிர்ந்த முள்ளைப் பற்றி.

வாங்கி வந்த ஓரிரு நாளில் முள் உதிர்கிறது

இது அநேகமாகத் தண்ணீர் மாற்றிய அதிர்ச்சி. மீன் விற்கும் தொட்டிகளில் உப்பைக் குறைத்து வைக்கும் வழக்கம் உண்டு. 1.021இல், அதாவது சுமார் 28 பிபிடியில் இருந்த அர்ச்சினைப் பதினைந்து நிமிடம் பையோடு மிதக்கவிட்டு 35இல் இறக்கினால் அது தாங்காது.

இறக்கும் முன் பையின் உப்பை அளந்தே ஆக வேண்டும். வித்தியாசம் 2 பிபிடிக்குள் என்றால் சொட்டு முறை போதும்: பைத் தண்ணீரை வாளியில் ஊற்றி, காற்றுக்குழாயில் முடிச்சுப் போட்டு நொடிக்கு 2 முதல் 4 சொட்டு விடுங்கள். அளவு இரட்டிப்பானதும் பாதியை ஊற்றிவிட்டு மறுபடி இரட்டிப்பாக விடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். வாளி ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் அதற்கு மேல் என்றாலோ, பை பல மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தாலோ சொட்டு முறையே கெடுதல். நீண்ட பயணத்தில் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். சேர்ந்த அம்மோனியா அந்தத் தாழ்ந்த பிஹெச்சில் அவ்வளவு நச்சாக இருக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏற, அதே அம்மோனியா விஷமாகிவிடும். அதில் இரண்டு மணி நேரம் ஊறவைப்பது சரியல்ல. தனிமைத் தொட்டி ஒன்றைப் பையின் உப்பு அளவுக்கே முன்கூட்டித் தயார் செய்து, வெப்பத்தை மட்டும் சமப்படுத்தி நேரே மாற்றிவிடுங்கள். பிறகு நாளுக்கு 1 பிபிடி வீதம் ஏற்றிக்கொள்ளலாம்.

மாற்றும்போது கையால் பிய்த்து எடுக்கக் கூடாது. இழுத்தால் குழாய்க்கால்கள் அறுந்து கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பழைய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்திலிருந்து மெல்ல நுழைத்து, அதுவே நகர்ந்ததும் தண்ணீருக்குள்ளேயே டப்பாவில் ஏந்துங்கள். வலை வேண்டாம், முள் சிக்கும்.

பல மாதம் நன்றாக இருந்தது, இப்போது உதிர்கிறது

இதற்கு மூன்று காரணங்கள் முக்கியம்: ஆவியாதல், பட்டினி, காரத்தன்மை குறைவு. மூன்றும் சத்தமில்லாமல் வருபவை.

ஆவியாதலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் தண்ணீரில் நாளுக்கு 4 லிட்டர் ஆவியானால் அது 2 சதவீதம். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும். மூன்று நாள் விட்டால் 35 பிபிடி 37.2 ஆகிவிடும். நான்காம் நாள் ஞாபகம் வந்து 12 லிட்டர் ஆர்ஓ தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால் சில நிமிடங்களில் பழைய அளவுக்கு இறங்கும். ஏறியதைவிட இந்த இறக்கம்தான் முள்ளைக் கொட்டவைக்கும். வாரம் ஒருமுறை அளப்பவர்களுக்கு அந்த நாளில் எண் சரியாகவே இருக்கும், அதனால் காரணம் பிடிபடாமலே போகும். தண்ணீர் மட்டத்தில் டேப் ஒட்டிக் குறி வையுங்கள். தினமும் அந்தக் குறிவரை நிரப்புங்கள், அல்லது குறைந்த தண்ணீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-ஆஃப் கருவி போடுங்கள். ஏற்கெனவே ஏறிவிட்டது என்றால் அந்த 12 லிட்டரை நான்காகப் பிரித்து, 12 மணி நேரத்துக்கு 3 லிட்டராகச் சொட்டவிடுங்கள்.

பட்டினியைக் கண்டுபிடிக்கக் கழிவைப் பாருங்கள். நன்றாகத் தின்னும் அர்ச்சின் உச்சியிலிருந்து குட்டி உருண்டைகளாகக் கழிவை உதிர்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாளாக உருண்டையே இல்லை, பாறையில் பாசியும் இல்லை என்றால் அது பட்டினி. பாசியைச் சுத்தம் செய்யத்தான் வாங்கினோம், அதற்குத் தனியாகத் தீனி எதற்கு என்று கேட்பவர்களின் தொட்டியில்தான் இது நடக்கும். சுத்தம் செய்து முடித்த வேலைக்காரனுக்கும் சோறு வேண்டும்.

எண்ணெயோ மசாலாவோ உப்போ சேர்க்காத நோரித் தாளை, அதாவது காய்ந்த கடற்பாசித் தாளை, 4 செ.மீ. சதுரமாக வெட்டி, ஒரு நொடி தொட்டித் தண்ணீரில் நனைத்து, இடுக்கியால் முள்ளின் பக்கவாட்டில் செருகுங்கள். விளக்கு அணைந்த பிறகு செய்யுங்கள். அருகிலுள்ள குழாய்க்கால்கள் ஒவ்வொன்றாக வளைந்து தாளைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி அடியிலுள்ள வாய்க்குக் கொண்டுபோகும். பிடிக்கவே இல்லை என்றால் அதுவும் ஒரு சேதி: பிரச்சினை பட்டினியைத் தாண்டிவிட்டது. 5 செ.மீ. உடல் உள்ள டக்ஸிடோ வகை அர்ச்சினுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு துண்டு சரியாக இருக்கும். 24 மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். பென்சில் அர்ச்சினுக்கு மட்டும் நோரி போதாது, அது ஸ்பாஞ்சும் மாமிசமும் தின்னும் வகை. வாரம் இருமுறை மிளகளவு இறால் துண்டு கொடுங்கள். பவளத் தொட்டிக்குப் பென்சில் அர்ச்சினை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை.

அடுத்தது காரத்தன்மை. அர்ச்சினின் ஓடும் முள்ளும் மெக்னீசியம் கலந்த கால்சியம் கார்பனேட். பவளம் நிறைந்த தொட்டியில் எல்லாரும் ஒரே பண்டாரத்திலிருந்துதான் எடுக்கிறார்கள்; 7 டிகேஹெச்சுக்குக் கீழே போனால் அர்ச்சினுக்கு மிச்சம் குறைவு. ஏற்றுவது எளிது: 100 லிட்டர் தண்ணீரில் 1 டிகேஹெச் ஏற்ற 3 கிராம் சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், தேவை. பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போட்டுவிடாதீர்கள். பாறையும் மணலும் அடைத்த இடத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். 200 லிட்டர் தொட்டியில் 160 லிட்டர்தான் தண்ணீர் என்றால் சுமார் 5 கிராம். ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். நாளுக்கு 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம். எவ்வளவு ஊற்றினாலும் நிற்கவில்லை என்றால் மெக்னீசியத்தைப் பாருங்கள். அது 1200க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஒரே இடத்தில் வட்டமாக முள் போய், நிறம் மாறியிருக்கிறது

உடல் முழுக்க உதிர்வதும், ஓரிடத்தில் வழுக்கை விழுவதும் வேறு வேறு கதை. ஓரிடம் என்றால் நான்கு சந்தேகங்கள்.

ஹீட்டர்: அர்ச்சினுக்கு அதன்மேல் ஏறி உட்காரும் பழக்கம் உண்டு. வழுக்கை நீளவாக்கில் இருந்தால் ஹீட்டர் சுட்டதாக இருக்கலாம். துளையிட்ட பிளாஸ்டிக் உறை மாட்டுங்கள், அல்லது ஹீட்டரை சம்ப்பில், அதாவது கீழேயுள்ள துணைத் தொட்டியில், வையுங்கள்.

கடி: ட்ரிகர் மீன், பஃபர் மீன், பெரிய ராஸ் மீன்கள் இருந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம். இவர்களோடு அர்ச்சின் வாழாது.

ஒட்டுண்ணி நத்தை: அரிசி நுனிபோல வெள்ளையாக, பளபளவென்று, முள்ளடியில் அல்லது வாயருகே ஒட்டியிருக்கும் சின்ன நத்தைகள். யூலிமிட் குடும்பம். ஓட்டில் ஊசிபோன்ற உறுப்பை இறக்கி உறிஞ்சுபவை. பிளாஸ்டிக் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். ஜெல்லிபோல முட்டைப் பொதி இருந்தால் அதையும். ஒரு மாதத்துக்கு வாரம் ஒருமுறை மறுபடி பாருங்கள்.

கிருமி: புண் பச்சையாகவோ ஊதாவாகவோ கருத்தோ இருந்து, ஓரத்து முட்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் அது வழுக்கை நோய். விப்ரியோ, ஏரோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள் இதில் தொடர்புடையவை. புண் மேலோட்டமாக, உடலின் 30 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் விலங்கு பிழைத்துத் திசுவை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் பரவினாலோ, ஓட்டையே துளைத்தாலோ பிழைக்காது. தனித் தொட்டிக்கு மாற்றி, வெப்பத்தை 24 டிகிரியில் வைத்து, காற்றோட்டம் கூட்டி, இரண்டு நாளுக்கு ஒருமுறை 20 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். மொபைலில் தினமும் ஒரு படம் எடுத்து வட்டத்தை ஒப்பிடுங்கள். மற்ற அர்ச்சின்கள் இருந்தால் வலை, இடுக்கி, குழாய் எதையும் பகிரக் கூடாது. 1983-84இல் கரீபியக் கடலில் நீளமுள் டயடெமா வகை அர்ச்சின் ஏறக்குறைய அடியோடு அழிந்தது. 2022இல் அங்கே மறுபடி வந்த சாவுக்குக் காரணம் சிலியேட் என்ற ஒருசெல் நுண்ணுயிர் என்று 2023இல் கண்டறிந்தார்கள். அர்ச்சின் நோய் அர்ச்சினுக்குத் தாவும் வேகம் அப்படி.

பிடி நழுவிக் கீழே விழுகிறது, கவிழ்ந்து கிடக்கிறது

ஒருமுறை விழுவது சகஜம். ஆரோக்கியமான அர்ச்சின் சில நிமிடங்களில் தானே புரண்டுவிடும். விலங்கு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அளக்க ஆய்வாளர்களே இந்த நேரத்தைத்தான் கணக்கிடுகிறார்கள். அரை மணி நேரமாகியும் புரளவில்லை, கால்கள் வெளியே துழாவவில்லை என்றால் மேலே சொன்ன அளவுகள் எல்லாவற்றையும் உடனே எடுங்கள். அம்மோனியா தெரிந்தால் உப்பும் வெப்பமும் பொருந்திய தண்ணீரில் 30 சதவீதம் மாற்றுங்கள். கலந்து அரைமணி ஆன உப்புத் தண்ணீர் வேண்டாம். 24 மணி நேரம் சுற்றவிட்டது கைவசம் இருக்க வேண்டும். விலங்கை வாய் கீழே இருக்கும்படி தட்டையான பாறையில், நீரோட்டம் மிதமான இடத்தில் வைத்துவிட்டுத் தொடாமல் விடுங்கள்.

கோடையில் மட்டும் இப்படி ஆகிறதென்றால் வெப்பத்தைப் பாருங்கள். 28 டிகிரி தாண்டினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைகிறது, விலங்கின் தேவையோ கூடுகிறது. மேற்பரப்பில் காற்று படும்படி ஒரு சிறு மின்விசிறி வைத்தால் சில டிகிரி இறங்கும். ஆவியாதலும் கூடும், டேப் குறியை மறக்காதீர்கள்.

புதுத் தொட்டியில், அதாவது ஆறு மாதம் ஆகாததில், அடிக்கடி விழுந்தால் அங்கே அதற்கு இன்னும் தீனியும் நிலையான தண்ணீரும் இல்லை என்று அர்த்தம்.

தண்ணீர் திடீரென்று பால்போல் கலங்கிவிட்டது

உச்சியைப் பாருங்கள். அங்கே ஐந்து துளைகளிலிருந்து வெள்ளைப் புகைபோல வந்தால் ஆண், மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் துகளாக வந்தால் பெண். இனப்பெருக்கத் திரவம் விடுகிறது. நோய் இல்லை, ஆனால் வெப்பமோ உப்போ சட்டென்று மாறினாலும் இப்படி விடும், ஆகவே காரணத்தைத் தேடுங்கள்.

கவலை அர்ச்சினைப் பற்றியல்ல, தண்ணீரைப் பற்றி. கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் பொங்கி வழியும், அதன் கோப்பையை உயர்த்தி வையுங்கள். புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள், காற்றுக் கல் ஒன்றைக் கூடுதலாக இறக்குங்கள், 20 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். அன்று இரவும் மறுநாள் காலையும் அம்மோனியா பாருங்கள். சிறிய தொட்டி என்றால் விலங்கைத் தண்ணீரோடு வாளிக்கு மாற்றி, முடித்த பிறகு திருப்பி விடலாம்.

பவளத் துண்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது, பாறை சரிகிறது

டக்ஸிடோ, பின்குஷன் வகை அர்ச்சின்களுக்கு இது இயல்பு. சிப்பி, பாசித்துண்டு, நீங்கள் ஆசையாக வைத்த பவளத் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் தலையில் சூடிக்கொள்ளும். வெளிச்சத்துக்குக் குடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்த முடியாது. ஐந்தாறு காலிச் சிப்பிகளைப் போட்டுவிட்டால் பவளத்தை விட்டுவிட்டு அவற்றை எடுத்துக்கொள்வதுண்டு. பவளத் துண்டுகளைப் பசையும் எபாக்ஸி மாவும் சேர்த்துப் பாறையில் ஒட்டுங்கள்; பசை மட்டும் என்றால் முட்டித் தள்ளிவிடும்.

பாறைகள் மணலின்மேல் நிற்கக் கூடாது, தொட்டித் தரையில் அமர்த்திவிட்டு அப்புறம் மணல் போட வேண்டும். நீளமுள் டயடெமா வளர்ப்பவர்களுக்கு 300 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும்.

பாறையில் வெள்ளைக் கோடுகள், அக்ரிலிக்கில் கீறல்

வெள்ளைக் கோடு ஊதாநிறக் கோரலைன் பாசியைச் சுரண்டிய தடம். ஐந்து பற்கள் கொண்ட அதன் தாடையை 'அரிஸ்டாட்டில் விளக்கு' என்பார்கள். பற்கள் தேயத்தேய வளரும். கோரலைன் மீண்டும் வளரும். அக்ரிலிக் வளராது! அக்ரிலிக் தொட்டியில் அர்ச்சின் வேண்டாம்.

உச்சியில் கண்போல ஒரு குமிழ்

டயடெமாவின் மலவாய்ப் பை. டயடெமா செட்டோசம் என்றால் அதைச் சுற்றி ஆரஞ்சு வளையமும் உடலில் ஐந்து வெள்ளைப் புள்ளிகளும் இருக்கும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

மீனுக்கு மருந்து போட்ட பிறகு சுருண்டுவிட்டது

செம்பு கலந்த மருந்தாக இருக்கும். முதுகெலும்பில்லாத விலங்குகளுக்கு அது நேரடி விஷம். உடனே அர்ச்சினை வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள். தொட்டியில் செம்பை உறிஞ்சும் ரெசினும் புதுக் கார்பனும் போட்டு, அடுத்தடுத்துத் தண்ணீர் மாற்றுங்கள். செம்பு பாறையிலும் மணலிலும் ஊறிக்கொண்டு மெல்லக் கசியும். ஆகவே கிட் 0 காட்டிய அன்றே திருப்பி விடாதீர்கள், ரெசின் நிறம் மாறுவது நின்ற பிறகும் சில வாரம் பொறுங்கள். உப்பை 1.009க்கு இறக்கிச் செய்யும் வைத்தியமும் அர்ச்சினைக் கொல்லும். வெண்புள்ளி நோய் வந்தால் மீன்களைத்தான் வேறு தொட்டிக்கு மாற்றி மருந்து போட வேண்டும். மீன் கிடைக்காமல் அந்த நோயின் கிருமி அழிய வழக்கமாக விடும் 76 நாளை அர்ச்சின் மீன் இல்லாத தொட்டியில் கழிக்கட்டும்.

மருந்தே போடவில்லை என்றால் துருப்பிடித்த காந்தம், இரும்புக் கிளாம்ப், தேய்ந்த ஆர்ஓ மெம்பிரேன் ஆகியவற்றைப் பாருங்கள்.

செத்துவிட்டதா?

தண்ணீருக்குள்ளேயே மெல்லப் புரட்டி, வாயைச் சுற்றியுள்ள மென்தோலைப் பிளாஸ்டிக் குச்சியால் தொடுங்கள். பல் அசைந்தாலோ ஒரு குழாய்க்கால் சுருங்கினாலோ உயிர் இருக்கிறது. டயடெமா என்றால் மேலே கையை நீட்டி நிழல் விழச் செய்யுங்கள். முட்கள் நிழலை நோக்கித் திரும்பும். முள் எல்லாம் சரிந்து, வாய்த்தோல் தொங்கி, நாற்றம் வந்தால் அந்த நிமிடமே வெளியே எடுங்கள். இரவு முழுக்க விட்டுவைத்தால் சிறு தொட்டியில் அம்மோனியா மற்ற உயிர்களையும் தொடும்.

முள் கையில் ஏறிவிட்டது

பெரிய துண்டை இடுக்கியால் நேராக இழுங்கள். நசுக்கினால் உள்ளேயே பொடியாகும். பிறகு 43 முதல் 45 டிகிரி வெந்நீரில், அடிபடாத கையால் சூடு பார்த்துவிட்டு, 30 முதல் 90 நிமிடம் ஊறவையுங்கள், வலி குறையும். தோலோடு நிற்கும் சிறு துண்டுகளை வினிகர் கரைக்கும். மூட்டருகே ஏறியிருந்தாலோ, வீக்கம் பரவினாலோ, மூச்சு முட்டினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். பூ அர்ச்சின் எனப்படும் டாக்ஸோநியூஸ்டெஸ் பைலியோலஸின் விஷம் முள்ளில் இல்லை, பூப்போல விரிந்திருக்கும் குட்டி இடுக்கிகளில் இருக்கிறது. அழகைப் பார்த்து அதை வீட்டுத் தொட்டிக்கு வாங்காதீர்கள்.